கழுவியும் போகாத மஞ்சள்

என் வீட்டில் மஞ்சள் கிடையாது. சாம்பாரில் கிடையாது, ரசத்தில் கிடையாது, மீன் குழம்பில்கூடக் கிடையாது. புக்கிட் மேராவில் அடுக்குமாடி வீடு கிடைத்துக் குடிவந்த புதிதில், பக்கத்து வீட்டுப் பெண் ஒரு கிண்ணத்தை நீட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"அக்கா, கொஞ்சம் மஞ்சத்தூள் இருந்தா குடுங்கக்கா. நாளைக்குத் திருப்பித் தந்துடறேன்."

"இல்லம்மா."

"தீந்துபோச்சா?"

"வாங்கறதே இல்ல."

தமிழச்சி வீட்டில் மஞ்சள் வாங்குவதில்லை என்றால் அவள் என்னதான் நினைப்பாள், பாவம். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அந்த வாரமே மாடி முழுக்கச் செய்தி பரவி, நான் மதம் மாறிவிட்டேன் என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும். என் வீட்டுக்காரருக்குக் காரணம் தெரியும். ஆனாலும் வெளுத்த சாம்பாரைத் தட்டில் ஊற்றும்போதெல்லாம், "இன்னிக்கும் வெள்ளைக்கார சாம்பாரா?" என்று கேட்காமல் இருக்க மாட்டார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்.

மஞ்சள் என்றால் மங்கலம் என்று நம் ஆட்கள் சொல்லிக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் அக்கா செத்தது மஞ்சளால். விஷமாகி அது கொல்லவில்லை. அவளுக்கு வந்த நோயை யார் கண்ணிலும் படாமல் மூடி வைத்தது. அவ்வளவுதான் அது செய்தது, அதுவே போதுமாக இருந்தது.

நாங்கள் அப்போது தேக்காவில் இருந்தோம். ஐம்பதுகளின் கடைசி. அங்கே மஞ்சள் இல்லாமல் ஒரு காரியம் நடக்காது. கல்யாணப் பத்திரிகைக்கு நாலு மூலையிலும் மஞ்சள். புதுச்சட்டை வாங்கினால் போடுவதற்கு முன் ஓர் ஓரத்தில் மஞ்சள். பொங்கல் வந்தால் பானைக் கழுத்தில் இலையோடு மஞ்சள் கொத்து, எருமைக்காரர்கள் வீட்டு மாட்டின் நெற்றியில்கூட மஞ்சள். தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோட்டில் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் மஞ்சள் வேட்டியும் மஞ்சள் சேலையும்தான். தாலிக்கயிறு மஞ்சள், காப்புக் கயிறு மஞ்சள், வயசுக்கு வந்த பெண்ணை உட்கார வைத்துத் தலையில் ஊற்றும் தண்ணீர் மஞ்சள். அதே ஆட்கள்தான், ஒருவன் கடையில் நொடித்துப்போய்க் கையை விரித்தால், மஞ்சக் கடுதாசி குடுத்துட்டான் என்பார்கள். அங்கே மட்டும் அந்த நிறத்துக்கு எப்படி மங்கலம் போயிற்றோ, யாரும் கேட்கவில்லை.

மலாய்க்காரர்களுக்கு மஞ்சள் ராஜா நிறம். அந்தக் காலத்தில் சுல்தான் குடும்பத்தைத் தவிர வேறு யாரும் உடுத்தக்கூடாது என்று வைத்திருந்தார்களாம். சீனர்களுக்கும் அது சக்கரவர்த்தி நிறம். அவர்கள் கோயிலில் சாமி வந்து ஆடுகிறவர் மந்திரம் எழுதித் தருவதும் மஞ்சள் தாளில்தான். இத்தனை பேர் தலையில் தூக்கி வைத்த நிறத்தை எங்கள் பெண்கள் குளியலறையில் கல்லில் உரைத்து முகத்தில் அப்பிக்கொண்டார்கள். அப்படி அப்பிக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது.

அக்கா கறுப்பு. நானும் கறுப்புதான், ஆனால் அக்கா மூத்தவள், முதலில் கட்டிக்கொடுக்க வேண்டியவள். அதனால் அவள் கறுப்பு ஒரு பெரிய விஷயம் ஆகிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு, "பொண்ணு லட்சணம்தான், நிறம்தான் கொஞ்சம்..." என்று இழுத்துவிட்டுப் போவார்கள். அந்த இழுப்பு அம்மாவின் நெஞ்சில் போய்க் குத்தும். அன்றைக்கு முழுக்க எங்கள் இரண்டு பேருக்கும் வசவு விழும். மறுநாள் காலையில் அம்மா இன்னும் கொஞ்சம் கூடுதலாக மஞ்சள் உரைப்பாள்.

"ஊறட்டும்டி, உடனே கழுவாதே. நாளாக ஆக நிறம் குடுக்கும்" என்பாள்.

"குடுக்கும் குடுக்கும். நான் கெழவியானப்புறம் குடுக்கும்" என்பாள் அக்கா. அவளுக்கு என்னைவிட நல்ல வாய். ஆனால் மஞ்சளை ஊறவிட்டுத்தான் கழுவுவாள். அவளுக்கும் ஆசை இருந்தது.

நாங்கள் இருந்தது கடைவீட்டின் மாடி. பலகைத் தடுப்பு வைத்து அறை அறையாகப் பிரித்து, அறைக்கு ஒரு குடும்பம். ஒரே சமையலறை, ஒரே குளியலறை. எங்கள் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு சீன அம்மாள் தனியாக இருந்தாள். நோன்யா என்று கூப்பிடுவோம். சமையலறை ஜன்னலோரம் முக்காலியில் உட்கார்ந்து, மீ என்கிற சீன நூடுல்ஸ் விற்கிறவர்களுக்காகக் கூடை கூடையாய் அவரைமுளைக்கு வால் கிள்ளிக் கொடுப்பாள். அவளுக்கும் அம்மாவுக்கும் ஓயாத சண்டை, அதுவும் மஞ்சளால்தான். குளியலறைத் தரையில் மஞ்சள், வாளியில் மஞ்சள், சுவரில் கை வைத்த இடத்தில் மஞ்சள். நோன்யா வெள்ளைச் சட்டை போடுகிறவள். கறை பட்டால் விடுவாளா?

"கூனிங்! சினி கூனிங், சானா கூனிங்!" என்று கத்துவாள். கூனிங் என்றால் மலாயில் மஞ்சள் நிறம். இங்கே மஞ்சள், அங்கே மஞ்சள்.

"சூச்சி லா, ஹாபிஸ்!" என்று அம்மா பதிலுக்குக் கத்துவாள். கழுவினால் போய்விடும் என்று அர்த்தம். பிறகு நல்ல தமிழில், "என்னமோ இவ அப்பன் வீட்டுக் குளியலறை மாதிரி" என்பாள். அது நோன்யாவுக்குப் புரியாது என்பதில் அம்மாவுக்குத் திருப்தி.

ஒரு வழியாக அக்காவுக்குச் செம்பவாங்கிலிருந்து மாப்பிள்ளை வந்தார். அத்தான் தங்கமான மனுஷன், நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினது அவருடைய அம்மா. "பரவால்ல, வீட்டு வேலைக்கு நிறம் எதுக்கு" என்று சபையில் வைத்தே சொன்னாள். அக்கா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் அப்படிச் சிரித்தால் உள்ளே எரிகிறது என்று எனக்குத் தெரியும்.

அடுத்த வருஷமே அக்கா உண்டானாள். ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டுத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர நாங்கள் செம்பவாங் போனபோது, அவள் இரண்டு மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்று சொன்னார்கள். வாயில் வைத்ததெல்லாம் வாந்தி. "ஏழு மாசத்துல என்ன மசக்கை?" என்று அம்மா கேட்டதற்கு, "எனக்கு இவனுக்கு ஒம்பது மாசமும் இருந்துச்சு சம்பந்தி" என்றாள் மாமியார். அதோடு பேச்சு முடிந்தது.

அக்காவை மணையில் உட்கார வைத்தார்கள். கன்னத்திலும் கையிலும் சந்தனம், மஞ்சள். ஒவ்வொரு சுமங்கலியாக வந்து பூசிக்கொண்டே போனார்கள். அந்த மஞ்சள் அவள்மேல் நின்ற அழகைப் பார்த்து எல்லாருக்கும் வாய் அடைத்துவிட்டது. இத்தனை வருஷம் அம்மா பூசிப் பூசிப் பார்த்து வராத நிறம் அன்றைக்கு வந்திருந்தது. கறுப்புக்கு அடியிலிருந்து ஒரு பொன் நிறம். கழுத்தில், காதோரத்தில், பூசாத இடத்தில்கூட.

"இப்பத்தான்டி என் மருமக நிறமா இருக்கா!" என்று மாமியார் அவள் மோவாயைப் பிடித்து ஆட்டினாள். "ராசாத்தி மாதிரி. என் கண்ணே பட்டுடும்போல இருக்கு." விரலை மடக்கித் திருஷ்டி முறித்தாள், நெட்டி படபடவென்று முறிந்தது.

அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த சந்தோஷத்தை நான் என்னவென்று சொல்லுவேன்? களைப்பில் கண் பாதி மூடியிருந்தது. ஆனாலும் சந்தோஷம். தன்னைக் கறுப்பி என்றவள் வாயால் ராசாத்தி என்று கேட்டுவிட்டாள். அம்மாவோ முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தான் ஜெயித்துவிட்டதாகவே அம்மா நினைத்தாள். அந்தக் கூட்டத்தில் இருபது முப்பது பெண்கள் இருந்தோமே, பாவி, ஒருத்திக்காவது தோன்றியிருக்கக் கூடாதா?

தேக்காவுக்கு வந்ததும் அக்கா படுத்துவிட்டாள். எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது. பகலிலும் ஒரு சின்ன பல்பு எரியும், அந்த வெளிச்சத்தில் எல்லா முகமும் மஞ்சளாகத்தான் தெரியும். உடம்பெல்லாம் அரிக்கிறது என்றாள். வயிறு விரிந்தால் அப்படித்தான் அரிக்கும் என்று அம்மா தேங்காய் எண்ணெய் தடவினாள். ஒன்றுக்குப் போனால் காப்பித் தண்ணீர் மாதிரி போகிறது என்று என் காதில் சொன்னாள். நான் அம்மாவிடம் சொன்னேன். "சூடு. அவ தண்ணியே குடிக்கறதில்ல" என்று அம்மா பார்லித் தண்ணீர் காய்ச்சினாள், இளநீர் வாங்கிவரச் செய்தாள். பிள்ளை நிறமாகப் பிறக்கட்டும் என்று குங்குமப்பூ போட்டுப் பாலும் கொடுத்தாள். குடித்ததெல்லாம் வெளியே வந்தது. காலையில் நாங்கள் கைத்தாங்கலாகக் குளிப்பாட்டினால் அம்மா முதலில் எடுப்பது மஞ்சள்தான். வாயும் வயிறுமாக இருக்கிற பெண் மஞ்சள் இல்லாமல் இருக்கக்கூடாது.

அப்படி ஒரு காலை, குளியலறையிலிருந்து அக்காவை ஜன்னலைத் தாண்டிக் கூட்டிவந்தபோதுதான் நோன்யா எழுந்தாள். மடியிலிருந்த அவரைமுளை தரையில் கொட்டியது. அதைக் கவனிக்காமல் வந்து அக்காவின் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"மாத்தா கூனிங்" என்றாள். கண் மஞ்சள். கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். "தா பாய். பெர்கி டாக்டர்." நல்லதில்லை, டாக்டரிடம் போ.

அம்மாவுக்கு எங்கிருந்துதான் அந்தச் சிரிப்பு வந்ததோ. "ஆரம்பிச்சுட்டா பாரு. தரை மஞ்சள், சுவர் மஞ்சள், இப்ப எம் பொண்ணு கண்ணும் மஞ்சளாம்!" என்றாள் என்னிடம். பிறகு கையிலிருந்த மஞ்சள் துண்டை நோன்யாவின் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினாள். "குஞித் லா, குஞித்! சூச்சி, ஹாபிஸ்."

இது மஞ்சள்தான். கழுவினால் போய்விடும்.

நோன்யா அந்தத் துண்டைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். மறுபடியும் ஏதோ சொல்ல வாய் எடுத்தாள். இத்தனை வருஷச் சண்டையில் அவள் பேச்சுக்கு எங்கள் வீட்டில் என்ன மரியாதை என்று அவளுக்கும் தெரியும். குனிந்து அவரைமுளையைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

என் அம்மா ஒன்றும் தெரியாதவள் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் காமாலை என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். கீழ்வீட்டுக் கடைக்காரருக்கு வந்தபோது கீழாநெல்லியைத் தேடிப் பிடுங்கிவந்து, மோரில் அரைத்துக் கொடுத்து எழுந்து நடக்க வைத்தவள் அவள்தான். அந்த மனிதருடைய கண்ணை எட்ட நின்று பார்த்தே கண்டுபிடித்தாள். அவர் மஞ்சள் பூசாதவர். தன் பெண்ணின் முகத்தைப் பார்த்தபோது அவளுக்குத் தன் கைவேலைதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாகப் போயிற்று. ஒரு நாள் விடிந்ததும் அக்கா எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்து, "நீங்க யாரு? எங்க வீட்டுல என்ன பண்றீங்க?" என்று கேட்டாள். விளையாடுகிறாள் என்று நினைத்து, "உன் மாமியார்" என்றேன். அவள் பயந்துபோய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். நான் அப்பாவைக் கத்திக் கூப்பிட்டேன். அப்பா கீழே ஓடிப்போய் டாக்ஸி பிடித்தார். கறுப்பு உடம்பும் மஞ்சள் கூரையுமாக அந்தக் காலத்தில் ஊரெல்லாம் ஓடுமே, அந்த டாக்ஸி. அதிலும் மஞ்சள்.

பிரசவ ஆஸ்பத்திரியில் கட்டிலை ஒரு பெரிய ஜன்னலுக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். நல்ல வெயில் வந்தது. தமிழ் பேசுகிற நர்ஸ் ஒருத்தி வந்து அக்காவின் முகத்தைப் பார்த்ததும் முகம் சுளித்தாள்.

"என்னம்மா இது, மஞ்சளா பூசியிருக்கீங்க? டாக்டர் எப்படிப் பாக்கறது?"

பஞ்சை நனைத்துத் துடைத்தாள். பஞ்சு மஞ்சளாக வந்தது. வேறு பஞ்சு எடுத்தாள், லேசாக வந்தது. இன்னொரு பஞ்சு எடுத்து நெற்றி, கன்னம், கழுத்து எல்லாம் அழுத்தித் துடைத்தாள். அந்தப் பஞ்சு வெள்ளையாக வந்தது. முகம் அப்படியே இருந்தது. நர்ஸ் பஞ்சைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். அக்காவின் கண் இமையை விரலால் தூக்கினாள். பிறகு டாக்டரைத் தேடிக் கிட்டத்தட்ட ஓடினாள்.

அம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

டாக்டர் பார்த்தார். அவர் இங்கிலீஷில் சொன்னதை நர்ஸ் தமிழில் சொன்னாள். "ஈரல் முழுக்கப் போயிடுச்சும்மா. புள்ளத்தாச்சிக்கு இது வந்தா தாங்காது. எங்களால முடிஞ்சதப் பாக்கறோம்."

"கீழாநெல்லி அரைச்சுக்கிட்டு வரட்டுமா?" என்று தரையில் உட்கார்ந்தபடி அம்மா கேட்டாள். நர்ஸ் அவள் தோளில் கை வைத்தாள். அம்மா மறுபடியும் கேட்டாள். "மோர்ல கலந்து குடுத்தா கேக்கும்மா. எனக்குத் தெரியும்மா."

பிள்ளை செத்துப் பிறந்தது. ஆண் பிள்ளை. அக்காவுக்கு அது தெரியவே தெரியாது. மறுநாள் பொழுது சாய்வதற்குள் அவளும் போய்விட்டாள். அத்தான் நடைபாதைச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். நிறத்தைப் பற்றி ஒருநாளும் பேசாத மனிதர்.

செம்பவாங் வரை போய்வர எல்லாருக்கும் வசதிப்படாது என்று தேக்கா வீட்டிலேயே கிடத்தினார்கள். மாடியில், சமையலறை ஜன்னலுக்கு எதிரே. சுமங்கலியாகச் செத்தவளுக்குச் செய்கிற முறை எல்லாம் செய்தார்கள். கூறைச் சேலை, தலை நிறையப் பூ. மாமியார் ஒரு கிண்ணம் நிறைய மஞ்சள் குழைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"கொடுத்து வச்ச மகராசி. பூவும் மஞ்சளுமா போறா" என்று சொல்லிக்கொண்டே பூசினாள். சுற்றி இருந்த பெண்கள் தலையை ஆட்டினார்கள். "ஆமாக்கா, எல்லாருக்குமா இந்தக் குடுப்பினை கெடைக்குது? மொகத்தப் பாருங்க, மகாலட்சுமியாட்டம் இருக்கு."

எனக்கு வெறி பிடித்துவிட்டது. "எதுடி குடுப்பினை? இருபத்திரண்டு வயசுல சாவறதா? உங்க வீட்டுப் பொண்ணுங்களுக்குக் கேளுங்கடி அந்தக் குடுப்பினைய!" என்று கத்தினேன். அப்பா என் வாயைப் பொத்தி இழுத்தார்.

அம்மா அதுவரை அழவில்லை. எழுந்து வந்தாள். ஒரு செம்பில் தண்ணீர் எடுத்து, முந்தானையை நனைத்து, அக்காவின் முகத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"என்ன சம்பந்தி பண்றீங்க? மஞ்சளத் தொடைக்கக் கூடாது" என்று மாமியார் கையைப் பிடித்தாள். அம்மா உதறிவிட்டாள்.

"இது மஞ்சள்தான். கழுவினாப் போயிடும்" என்றாள். துடைத்தாள். முந்தானை மஞ்சளாயிற்று. அதைப் பிழிந்துவிட்டு மறுபடியும் துடைத்தாள். "கழுவினாப் போயிடும். இருங்க. எம் பொண்ணு இந்த நிறம் இல்ல. எம் பொண்ணு கறுப்பு. நல்ல கறுப்பு."

யாருக்கும் அவளைத் தடுக்கத் தைரியம் வரவில்லை. நோன்யா தன் அறையிலிருந்து ஒரு வெள்ளைத் துண்டு கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினாள். துவைத்து வெளுத்த துண்டு. அம்மா அதை நனைத்து அக்காவின் கன்னத்தை, நெற்றியை, கழுத்தை அழுத்தி அழுத்தித் துடைத்தாள். பிறகு துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள்.

துண்டு வெள்ளையாக இருந்தது.

அம்மா நோன்யாவைப் பார்த்தாள். நோன்யா தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா துண்டை மடித்து அவள் கையிலேயே கொடுத்தாள். மாமியார் பக்கத்திலிருந்த கிண்ணத்தை இழுத்துக்கொண்டு, விரல் நிறைய மஞ்சளை அள்ளி, தான் துடைத்த முகத்தில் தானே பூச ஆரம்பித்தாள். நெற்றியில், கன்னத்தில், காதோரத்தில், கண் இமையில், ஓர் இடம் விடாமல் கனமாகப் பூசினாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"விடுடி" என்றாள் என் காதில், மற்றவர்களுக்குக் கேட்காமல். "மஞ்சள்னே நெனச்சுக்கட்டும்."